ககன்யான் வீரர்களின் உடலும் தோணிரேவின் படகுகளும்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்குப் பெயரிலேயே தொழில் இருக்கிறது. ரேவு என்றால் துறை. தோணி வந்து அடையும் இடம். அங்கே நின்று வடக்கே பார்த்தால் நேர்க்கோட்டில் 30, 35 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். ராக்கெட் கிளம்பும் நாளில் முதலில் வெளிச்சம் தெரியும். ஓசை வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும். கதவு, ஜன்னல் அதிரும் அந்த உறுமல் காதில் விழும்போது ராக்கெட் வானத்தில் வெகு உயரம் போய்விட்டிருக்கும். 1971-இல் சிறிய ரோகிணி ராக்கெட்டில் தொடங்கிய இந்த வழக்கம், 2025 ஜனவரி 29 அன்று நூறாவது ஏவுதலைத் தொட்டது. ஏரிக்கரை மக்களுக்கு இது பழகிப்போன காட்சி. சென்னையிலிருந்து கார் எடுத்து வந்து படம் பிடிப்பவர்களுக்குத்தான் அதிசயம்.

ஆனால் அந்த நூறிலும் போனவை செயற்கைக்கோள்களும் கருவிகளும்தான். ஆள் போனதில்லை. ககன்யான் திட்டத்தில், முதலில் ஆளில்லாச் சோதனைப் பயணங்கள் முடித்து, 2027-இல் மனிதர்களை அனுப்புவோம் என்று இஸ்ரோ அறிவித்திருக்கிறது. மூன்று பேர் வரை, மூன்று நாட்கள், 400 கிலோமீட்டர் உயரம், பிறகு கடலில் இறங்குதல். இதுதான் திட்டம். இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் தலை சுற்றாது. வாந்தி வராது. பயம் கிடையாது. மனித உடல் அப்படியல்ல. அந்த உடலைக் காப்பதற்காக எடுக்கப்படும் ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் ஏதோ ஒரு வகையில் பழவேற்காட்டுக் கடலைத் தொடப் போகிறது.

2024 பிப்ரவரி 27 அன்று நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்களைப் பிரதமர் வெளியிட்டார். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் ரஷ்யாவில் ஓராண்டுக்கு மேல் பயிற்சி பெற்றவர்கள். சுக்லா மட்டும் 2025 ஜூன் 25 அன்று அமெரிக்காவிலிருந்து கிளம்பி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 18 நாட்கள் தங்கி, ஜூலை 15 அன்று கலிபோர்னியா கடலில் வந்து இறங்கினார். 1984-இல் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் போய்வந்த பிறகு பூமியின் சுற்றுப்பாதைக்குப் போன அடுத்த இந்தியக் குடிமகன் இவர்தான். நம்மவர் ஒருவருடைய உடல் அங்கே என்ன பாடுபட்டது என்பதை அவர் வாயாலேயே கேட்க முடிந்தது இந்தப் பயணத்தின் பெரிய லாபம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். அங்கே புவியீர்ப்பு இல்லை என்று பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு உண்டு. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? கிணற்றில் இறங்கும் வாளியின் கயிறு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியும் விழுகிறது, அதற்குள் இருக்கும் தண்ணீரும் அதே வேகத்தில் விழுகிறது. விழும் அந்தக் கணத்தில் தண்ணீர் வாளியின் அடியை அழுத்தாது. விண்வெளி நிலையமும் பூமியை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் ஓடுவதால் பூமியில் மோதாமல் அதைச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் மனிதர்களும் கூடவே விழுகிறார்கள். எதுவும் எதையும் அழுத்துவதில்லை.

இந்த அழுத்தமின்மைதான் உடலுக்குப் பகை.

முதல் அடி காதுக்குள் விழுகிறது. மேல் எது, கீழ் எது என்று மூளைக்குச் சொல்லும் சிறு உறுப்பு நம் உட்காதில் இருக்கிறது. மேல் கீழ் என்பதே இல்லாத இடத்தில் அது குழம்பிப் போகிறது. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, வயிறு புரட்டுகிறது. விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் குமட்டலும் வாந்தியும் உண்டு. போர் விமானத்தில் தலைகீழாகப் பறந்து பழகியவர்களும் இதற்கு விலக்கல்ல. கடலுக்கு முதல்முறை போகிற இளைஞன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து கிடப்பதை மீனவக் குடும்பத்தார் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய அதே சங்கதிதான். நாலு நாளில் பழகிவிடும். ஆனால் ககன்யான் பயணமே மூன்று நாள்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பழகுவதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும்.

அடுத்தது இரத்தம். தரையில் நிற்கும்போது உடலின் நீரெல்லாம் காலை நோக்கி இறங்கப் பார்க்கும். இதயமும் நரம்புகளும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே இறங்கும் வேலை நின்றுபோகிறது, தள்ளும் வேலை மட்டும் தொடர்கிறது. விளைவு, முகம் வீங்கிவிடுகிறது, கால் மெலிந்துவிடுகிறது. மூக்கு அடைத்தபடியே இருக்கும். சளி பிடித்தவனுக்குச் சாப்பாடு ருசிக்காதது போல, அவர்களுக்கும் உணவு சப்பென்று ஆகிவிடுகிறது. அதனால்தான் மிளகாய்ச் சாறும் காரமான துவையல்களும் விண்வெளி நிலையத்தில் இவ்வளவு விரும்பப்படுகின்றன. சுக்லா தன்னோடு கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் கொண்டுபோய்க் கூட இருந்த அமெரிக்கர், போலந்துக்காரர், ஹங்கேரிக்காரர் எல்லோருக்கும் கொடுத்தார். ககன்யானுக்கான சாப்பாட்டை மைசூரில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வுக்கூடம் உருவாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இட்லியும் உண்டு. உதிர்கிற எதுவும் கூடாது என்பது அங்கே கறாரான விதி. ஒரு ரொட்டித் துணுக்கு மிதந்துபோய்க் கருவிக்குள்ளோ கண்ணுக்குள்ளோ புகுந்துவிடும். உப்பும் மிளகும்கூடத் திரவமாகத்தான் தரப்படுகின்றன.

தண்ணீர் விஷயம் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். நிலையத்தில் மூச்சுக்காற்றின் ஈரம், வியர்வை, சிறுநீர் மூன்றையும் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். 2023-இல் 98 சதவீத நீரை மீட்கும் அளவுக்கு இந்த ஏற்பாடு தேறியது. மார்க்கரீதியாக இது புதுக்கேள்வியும் அல்ல. அசுத்தத்தின் நிறம், மணம், சுவை எதுவும் மிஞ்சாதபடி முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பயன்படுத்தலாம் என்று சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர்கள் குழு 1978-லேயே தீர்மானித்தது. குளிப்பதற்கு அங்கே வழியில்லை. ஈரத் துண்டால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கழிப்பறையில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று உறிஞ்சுகிறது.

தூக்கம் இன்னொரு சோதனை. பிரதமருடன் பேசும்போது சுக்லா தன் காலைக் கட்டிவைத்துக்கொண்டுதான் நின்றார், இல்லாவிட்டால் மிதந்து போய்விடுவார். தூங்குவதும் அப்படித்தான். சுவரில் கட்டிய பைக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். காற்றாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடும் மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். தரையில் சூடான மூச்சு தானாக மேலே எழும்பி விலகிவிடுகிறது. அங்கே சூடான காற்றுக்கும் மேலே போகத் தெரியாது.

தொழுகை நேரம் எது, கிப்லா எங்கே

90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால் ஒரு நாளில் 16 முறை சூரியன் உதித்து மறைகிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை ஃபஜ்ர், எத்தனை மஃக்ரிப் என்ற கேள்வி நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுதான். இது வெறும் கற்பனைக் கேள்வியாக இருந்த காலம் போய்விட்டது.

1985 ஜூன் 17 அன்று சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்கலத்தில் கிளம்பியபோது ரமலானின் கடைசி நாட்கள். 2007 அக்டோபர் 10 அன்று மலேசியாவின் எலும்பு மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுகோர் புறப்பட்டபோதும் ரமலான் முடியும் தறுவாய். பெருநாளை அவர் விண்வெளி நிலையத்தில் கொண்டாடினார். அவர் போவதற்கு முன்பே மலேசிய மார்க்க அறிஞர்களும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசி, தேசிய ஃபத்வா குழு ஒரு வழிகாட்டியை ஒப்புக்கொண்டது. அதைப் படித்தால் நம் ஃபிக்ஹு மரபின் நெகிழ்வு தெரியும். கிப்லாவுக்கு நான்கு படிகள் சொன்னார்கள். முடிந்தால் கஃபாவை நோக்கி, இயலாவிட்டால் கஃபாவுக்கு நேர் மேலே உள்ள திசையை நோக்கி, அதுவும் இயலாவிட்டால் பூமியை நோக்கி, எதுவுமே இயலாதபோது எந்தப் பக்கமும். நிற்கவோ குனியவோ முடியாவிட்டால் இயன்ற நிலையில், கடைசிக்குக் கண் இமையின் அசைவாலும் தொழலாம். நோன்பைப் பிற்பாடு நோற்றுக்கொள்ளலாம். 2023-இல் ஆறு மாதம் அங்கே இருந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல் நெயாதியும் இதையே சொன்னார். தான் பயணி, நோன்பு தன்மீது கட்டாயமல்ல, உடல் பலவீனத்தால் பணிக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து வரக்கூடிய நிலையில் விட்டுவிட அனுமதி உண்டு என்றார். அந்த ரமலான் முடிந்து ஒரு வாரத்தில் விண்கலத்துக்கு வெளியே இறங்கி ஏழு மணி நேரம் வேலை செய்தார். விண்வெளியில் அப்படி நடந்த முதல் அரபியர் அவர்.

நேரத்துக்கு அந்த வழிகாட்டி சொல்லும் தீர்வுதான் நமக்குச் சுவையானது. எந்த ஊரிலிருந்து விண்கலம் புறப்பட்டதோ அந்த ஊரின் நேரப்படி 24 மணி நேரத்தைக் கணக்கிட்டு ஐந்து வேளை தொழ வேண்டும். அதாவது, நாளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு முஸ்லிம் வீரர் கிளம்பினால், அவருக்குரிய நேரம் பழவேற்காட்டுப் பள்ளிவாசல்களின் பாங்கு நேரம்தான், நிமிடக் கணக்கில் வேண்டுமானால் சிறு வித்தியாசம் இருக்கலாம். பழவேற்காடு சின்னப் பள்ளிவாசலில் நிழலைப் பார்த்துத் தொழுகை நேரம் அறியும் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எலும்பு கரைகிறது

மூன்று நாள் பயணத்துக்குப் பொருந்தாவிட்டாலும் இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தியா 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. அப்போது மாதக்கணக்கில் தங்குவார்கள்.

எலும்பு கல் அல்ல. அது உயிருள்ள திசு. நாம் நடக்கும்போது, சுமக்கும்போது, மாடிப்படி ஏறும்போது விழும் அழுத்தத்தைப் பார்த்து, எங்கே எவ்வளவு வேண்டும் என்று தன்னை ஓயாமல் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. சுமையே இல்லாவிட்டால் இடிப்பது நடக்கும், கட்டுவது குறையும். இடுப்பு, தொடை போன்ற எடை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு ஒரு சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி போகிறது. கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் வருவதால் சிறுநீரகக் கல் அபாயம் வேறு. தசையும் இப்படித்தான் மெலிகிறது. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அழுத்தமில்லாமல் விரிவதால் ஆள் ஓரிரு அங்குலம் உயர்ந்துவிடுகிறார், கூடவே முதுகுவலியும் வருகிறது. கண்ணின் பின்புறம் தட்டையாகிப் பார்வை மங்குவது சிலருக்கு நேர்கிறது. அதன் முழுக் காரணம் இன்னும் ஆய்வில் இருக்கிறது.

இதற்கு மருந்து உடற்பயிற்சிதான். தினம் இரண்டு மணி நேரம், விடுமுறை கிடையாது. ஓடும் பட்டையில் ஓட வேண்டுமானால் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி உடலைக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். எடை தூக்குவதற்கு அங்கே எடையே இல்லை என்பதால், காற்றை வெளியேற்றிய உருளைகளை இழுக்கிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2007-இல் அந்தப் பட்டையிலேயே ஒரு முழு மாரத்தான் ஓடினார். அதே சுனிதா 2024 ஜூன் 5 அன்று எட்டு நாள் வேலை என்று கிளம்பினார். போன கலத்தில் கோளாறு. திரும்பியது 2025 மார்ச் 18. மொத்தம் 286 நாட்கள். ஆறு மாதத்தில் வருகிறேன் என்று போன சபர், இகாமா சிக்கலில் இரண்டு வருடமான கதை தெரிந்த வீடுகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசுவது, பிள்ளைகளின் விசேஷங்கள் கண்முன்னால் இல்லாமல் கடந்துபோவது எல்லாம் அதேதான்.

இந்த எலும்பு ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விண்வெளியின் விளைவைத் தரையில் ஆராய, விஞ்ஞானிகள் ஆரோக்கியமான தொண்டர்களைத் தலைப்பக்கம் ஆறு பாகை சரிந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைக்கிறார்கள். எழவே விடுவதில்லை. சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே. அவர்களுடைய எலும்பும் தசையும் இதயமும் விண்வெளி வீரருடையதைப் போலவே தளர்கின்றன. இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அத்தாவையோ உம்மாவையோ, "அசையவே வேண்டாம், படுத்திருங்கள்" என்று பாசத்தோடு மாதக்கணக்கில் கட்டிலில் வைத்திருக்கிறோம். டம்ளர் தண்ணீரும் கைக்குப் போகிறது. பாசம் என்று நினைத்து நாம் செய்வது, அந்தத் தொண்டர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் செய்வதைத்தான். மருத்துவர் அனுமதித்த உடனே எழுப்பி நிறுத்துவதும், பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கவைப்பதும், நாற்காலியில் உட்கார்ந்தாவது காலை நீட்டி மடக்கச் சொல்வதும் கருணைக் குறைவல்ல. விண்வெளி வீரருக்கு எது மருந்தோ அதுதான் அவர்களுக்கும்.

திரும்பி வந்த சுக்லா சொன்ன இரண்டு சம்பவங்கள் மூளை எவ்வளவு சீக்கிரம் புதுப் பழக்கத்துக்கு அடிமையாகிறது என்பதைக் காட்டுகின்றன. படம் எடுக்க ஒரு கைப்பேசியை வாங்கியவருக்கு அது பெரும் பாரமாகத் தெரிந்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் மடிக்கணினியை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் பக்கத்தில் காற்றில் விட்டுவிட்டார். தரையில் விரிப்பு இருந்ததால் அது தப்பியது. மூன்று வாரத்துக்கே இந்த நிலை.

கடலில் இறங்கும் அந்த நிமிடங்கள்

ககன்யானில் உடலுக்கு மிகக் கடுமையான நேரம் முதல் கால்மணியும் கடைசி ஒரு மணியும்தான். பழவேற்காட்டில் பஸ் ஏறியவர் பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் அவர்கள் சுற்றுப்பாதையில் இருப்பார்கள். மேலேறும்போது தன் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு மார்பை அழுத்தும். அதைத் தாங்கத்தான் முதுகு கீழே, கால் மேலே என்று மல்லாந்த நிலையில் அமர்கிறார்கள், கிளம்புவதற்கு முன் மணிக்கணக்கில் அப்படியே கட்டப்பட்டுக் காத்திருக்கிறார்கள். திரும்பும்போது கலத்தின் வெளிப்புறம் தீப்பிழம்பாகும். பாராசூட்டில் இறங்கிக் கடலில் விழுந்ததும் அலையில் ஆட ஆரம்பிக்கும். எடையற்ற நிலையிலிருந்து வந்த உட்காதுக்கு அந்த ஆட்டம் போதும். நிற்க வராது, தலை சுற்றும், இரத்த அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் தாங்களாக வெளியேற வேண்டி வந்தாலும் வரலாம் என்பதால் கொச்சி கடற்படைத் தளத்தில் அதற்கென்றே பயிற்சி நடக்கிறது.

2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த சோதனையை ஏரிக்கரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராக்கெட் பழுதானால் ஆட்களைக் காப்பாற்றும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். காலையில் ஐந்து வினாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. கோளாறு கண்டுபிடித்துப் பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் கலம் பிரிந்து, பாராசூட்டில் கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் விழுந்தது. சோதனை வெற்றி. ஆனால் கடற்படை வீரர்கள் போய்ப் பார்த்தபோது கலம் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லாததால் அது ஒரு குறிப்பு மட்டும்தான். ஆள் இருந்திருந்தால் தலைகீழாகத் தொங்கியிருப்பார்கள். அடுத்தடுத்த கலங்களில் தானாக நிமிரவைக்கும் காற்றுப்பைகள் சேர்க்கப்படும் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் தெரிவித்தார். கவிழ்ந்த படகை நிமிர்த்துவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்கள் ஏரியின் இந்தக் கரையில் நிறையப் பேர். 2025 ஆகஸ்ட் 24 அன்று ஏறத்தாழ 5 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரில் தூக்கிப் போட்டு பாராசூட்டுகளைச் சோதித்ததும் இதே கடலோரத்தில்தான்.

இங்கிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. செயற்கைக்கோள் ஏவும்போது கடலில் தடை விதிப்பது விழும் பாகங்களிலிருந்து மீனவரைக் காக்க. மனிதர் போகும்போது தடைக்கு இரண்டாவது காரணமும் சேர்கிறது. முதல் நிமிடங்களில் பழுது நேர்ந்தால் மூன்று உயிர்கள் வந்து விழும் இடம் இந்தக் கடல். மீட்புக் கப்பல்களுக்கு அது காலியாக இருந்தாக வேண்டும். அந்தத் தடையை யாரும் தவறு சொல்ல முடியாது.

நாட்கணக்குதான் பிரச்சினை. மனிதப் பயணங்கள் சொன்ன தேதியில் கிளம்புவது அபூர்வம். சுக்லாவின் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மே 29 என்றார்கள், ஜூன் 8 ஆனது, 10, 11 ஆனது. ஆக்சிஜன் கசிவு, வானிலை, விண்வெளி நிலையத்தில் பராமரிப்பு என்று தள்ளித் தள்ளி ஜூன் 25-இல் முடிந்தது. தள்ளிப்போட்டது சரிதான். கசிவைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது என்று நம் இஸ்ரோ குழுவினர் உறுதியாக நின்றதும் பாராட்டத்தக்கது. நோய்த்தொற்று வராமல் இருக்க வீரர்களை ஒரு மாதம் தனிமையில் வைத்திருந்தார்கள், வேளைக்கு உணவு, மருத்துவர், எல்லாம் உண்டு. அதே தள்ளிவைப்பு ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தால் ரேவில் கட்டிப்போட்ட படகுக்கு என்ன உண்டு? டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கியவர், மீன் வாங்கிப் பொன்னேரிக்கும் சென்னைக்கும் அனுப்பும் வியாபாரி, கூடையில் எடுத்துப்போய் விற்கும் பெண் என்று ஒரு படகை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்பது மீனவக் கிராமத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு, அதை 2023-இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தத் தொகை போதுமா என்பது தனி விவாதம். ஆனால் அரசு சொல்லித் தொழிலை நிறுத்தினால் அரசுதான் ஈடு தர வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. ஏவுநாள் தடையும் அரசு சொல்லி நிற்பதுதான். அதற்கும் நாள்கணக்கு வைத்து, பயணம் தள்ளிப்போன நாட்களையும் சேர்த்து, மீன்வளத் துறை வழியாக ஈடு தரும் நிலையான விதி ஒன்று வகுக்கப்பட வேண்டும். பல்லாயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. தேதியும் ஏவும் நேரமும் முன்கூட்டியே தமிழில் ஒலிபெருக்கியில் வருவது ஒன்று, தள்ளிப்போன செய்தி அதே வேகத்தில் வருவது இன்னொன்று. இரண்டாவது தாமதமானால் கடல் திறந்திருக்கும்போதே ஒரு நாள் வீணாகும்.

ஏரிக்குள் முறைவைத்து வலை போடும் "பாடு" வழக்கத்தையும் அதிகாரிகள் அறிந்திருக்க வேண்டும். தலைமுறைகளாக வரும் ஒழுங்கு அது. இன்ன நாள் இன்னார் இன்ன இடத்தில் என்று ஊர் கூடி வகுத்தது. தடை ஏரிக்கும் நீண்டால், அன்று முறை இருந்தவருக்கு அந்த வருமானம் மறுநாள் வந்துவிடாது, அவருடைய முறை திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே முகத்துவாரம் மணல் மூடிப் படகு போக வழியில்லாமல் தவிக்கும் ஊர்கள் இவை.

மீட்பிலும் இவர்களுக்கு இடம் இருக்கிறது. கடற்படைதான் முதன்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கரையின் நீரோட்டத்தையும் மணல்திட்டையும் இரவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். விழுந்த கலத்தை முதலில் பார்ப்பது ஒரு மீன்பிடிப் படகாக இருக்கலாம். அதன் அருகே போகலாமா, எதைத் தொடக் கூடாது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தோணிரேவிலும் மற்றக் குப்பங்களிலும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

இது பழவேற்காட்டோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினம், தெற்கே குலசேகரப்பட்டினம். இரண்டுக்கும் இடையிலும் மணப்பாடு வரையிலும் வரிசையாக மீனவர் ஊர்கள். அங்கிருந்து சிறிய ராக்கெட்டுகள்தான் போகும், ஆட்கள் போக மாட்டார்கள். ஆனால் சிறிய ராக்கெட்டுகளை அடிக்கடி ஏவுவதுதான் அந்தத் தளத்தின் நோக்கமே. எத்தனை நாள் கடல் மூடப்படும், அந்த நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விகளை அங்குள்ள ஜமாஅத்துகளும் பங்குகளும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து, முதல் ராக்கெட் நிமிர்த்தி நிறுத்தப்படும் முன்பே மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவைப்பது நல்லது. கேட்கும்போது என்ன கேட்பது என்று தெரிய, பழவேற்காடு போய் இரண்டு நாள் தங்கி வந்தால் போதும்.